பாறை மேலே பாத்தி, மாடியிலே பாரம்: மேட்டுப்பாத்தி கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டில் காய்கறித் தோட்டம் போட நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர், பாலக்கோட்டில் வீட்டுக்குப் பின்னால் பல வருடமாக மேட்டுப்பாத்தியில் (தரைக்கு மேலே சுற்றிக் கட்டி மண் நிரப்பிய பாத்தி) காய், கீரை வளர்க்கும் அக்கா.

கிருஷ்ணகிரி: அக்கா, வீட்டுப் பின்னாடி அரை அடி தோண்டினாலே பாறைங்க. மேட்டுப்பாத்தி கட்டினா காய் வருமா?

வரும். மேட்டுப்பாத்தி யாருக்கு அவசியம் என்று கேட்டால் உங்களைத்தான் முதலில் காட்டுவேன். பாறை மேல் என்றால் ஒன்றரை அடி உயரம் கட்டுங்கள். அகலம் நாலு அடியைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கம் நின்றும் நடுவுக்குக் கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைக்கவே கூடாது. மிதித்த மண் இறுகிவிடும். பாறை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் அடியில் இரண்டு மூன்று சந்து விடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளேயே நின்று வேர் அழுகும்.

சுற்றிக் கட்ட மரப்பலகை வாங்காதீர்கள், கரையானுக்கு விருந்து. நம் மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? கிரானைட் பட்டறையில் வெட்டிக் கழித்த துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு விஷயம்: சித்திரை வெயிலில் மேற்குப் பக்கக் கல் நன்றாகக் காயும். அந்த ஓரத்தில் நாற்று வைக்காமல், சர்க்கரைவள்ளிக் கொடியைக் கல் மேல் படர விடுங்கள்.

அரூர்: எங்களுக்கு நல்ல செம்மண், ஆழமாவே இருக்கு. வீடியோவுல ரெண்டடி உயரம் கட்டி, அடியில மரக்கட்டை, அட்டைப்பெட்டி எல்லாம் போடுறாங்க. அப்படியே செய்யலாமா?

வேண்டாம். குளிர் நாட்டில் மண் சீக்கிரம் சூடாக வேண்டும், தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும் என்று உயரம் ஏற்றுகிறார்கள். நமக்கு இரண்டுமே தலைகீழ். உயரம் ஏற ஏறப் பாத்தி சீக்கிரம் காயும், மாசி பங்குனியில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். முக்கால் அடி உயரம் போதும். அதற்குக் கீழே இருக்கும் செம்மண்ணை ஒரு அடி ஆழம் கொத்திப் பொலபொலப்பாக்கி விடுங்கள். வேர் அங்கே போய்க்கொள்ளும். கட்டையும் அட்டையும் நம் செம்மண்ணில் கரையானைக் கூப்பிட்டு வைப்பதுதான். அந்த வீடியோக்காரர் வீட்டில் கரையான் இல்லை போல.

மேலே மூடாக்கு மட்டும் விடாதீர்கள். காய்ந்த மாவிலை, கடலைத்தொலி, கரும்புச் சோகை, எது கிடைத்தாலும் இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போட வேண்டாம்.

ஊத்தங்கரை: மண் கலவை எவ்வளவு எவ்வளவுன்னு சொல்லுங்கக்கா.

நாலுக்கு எட்டு பாத்தி, ஒரு அடி உயரம் என்றால் 32 கன அடி. அதில் பாதி செம்மண். மீதியில் பெரும்பங்கு மக்கிய தொழு உரம், கொஞ்சம் தென்னை நார்க்கழிவு. அரைக்கிலோ வேப்பம்புண்ணாக்கு தூவிக் கலந்துவிடுங்கள். ஒரு மழைக்கு இரண்டு அங்குலமாவது அமுங்கும், அதற்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். சாணி எரு பச்சையாக இருந்தால் வேரைச் சுட்டுவிடும். பழைய எருவையும் சலித்துப் போடுங்கள். தென்னை உள்ள ஊர்களில் குப்பைக் குழிக்குள் காண்டாமிருக வண்டின் வெள்ளைப் புழு விரல் தடிமனுக்கு இருக்கும். பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கும் வீடு இருந்தால் அதிர்ஷ்டம். புழு எச்சமும் மல்பெரிக் கழிவும் மக்கினால் அருமையான உரம்.

தர்மபுரி: எங்களுக்கு மொட்டை மாடிதான் இருக்குங்க. அங்கேயே ஹாலோ பிளாக் வச்சுக் கட்டிடலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 32 கன அடி மண் நனைந்தால் ஒன்றரை டன் அளவுக்கு வரும். அது நிற்கும் இடம் மூன்று சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோ. ஆள் நடமாடும் வீட்டு மொட்டை மாடிக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் நடமாட்டப் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். பிளாக் எடையை நான் சேர்க்கவே இல்லை. மாடிக்குப் பைகள் போதும். நார்க்கழிவு அதிகம் சேர்த்த லேசான கலவை போட்டு, சுவரும் பீமும் உள்ள ஓரமாக வையுங்கள். பாத்திதான் வேண்டும் என்றால் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டாமல் தொடாதீர்கள்.

பென்னாகரம்: எங்க போர் தண்ணியில ஃப்ளோரைடு இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அதைக் கீரைக்கு ஊத்தலாமா? ஊத்தினா இலை வேற மஞ்சளாகுது.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஃப்ளோரைடு நம் உடம்புக்குப் பெரும்பாலும் போவது குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் வழியாக. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. ஆகவே ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க, உலை வைக்க வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைக் காய்ச் செடிகளுக்கு விடுங்கள். கீரைப் பாத்திக்கு முடிந்தவரை மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

மஞ்சளுக்கு வருவோம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரால் மண்ணில் காரத்தன்மை ஏறி, இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அரை எலுமிச்சம்பழச் சாறு கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். நிரந்தர வழி தொழு உரமும் மழைத் தண்ணீரும்தான். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்க பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரி.

ஓசூர்: கொத்தமல்லி, புதினா ரெண்டும் ஒரே பாத்தியில வைக்கலாமாங்க?

புதினாவைத் தனித் தொட்டியில் வையுங்கள். பாத்தியில் விட்டால் மற்றதற்கு இடம் தராது. மல்லியை முழுசாகத் தூவாமல், செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதையுங்கள். ஓசூர் குளிர்ச்சிக்கு உங்களுக்குக் கவலை குறைவு. தர்மபுரி வெயிலில் கோடையில் மல்லி உடனே பூவெடுத்துவிடும், இங்கே நாங்கள் நிழல்வலை கட்டுகிறோம்.

காவேரிப்பட்டணம்: ஆடியில ஆரம்பிக்கலாமா? என்ன போடலாம்?

தாராளமாக. வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, ஓரத்தில் பந்தலுக்கு அவரை. கறிவேப்பிலையும் முருங்கையும் பாத்திக்குள் வேண்டாம், தரையில் நடுங்கள். தக்காளி எடுத்த பாத்தியில் அடுத்த பட்டத்துக்குத் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ போடாதீர்கள். பிடுங்கும்போது வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்ணிய மண்புழு வகையல்லாத புழு. அங்கே ஒரு பட்டம் முழுக்கச் செண்டுமல்லி போடுங்கள், பூவை விற்றும் கொள்ளலாம்.

தேன்கனிக்கோட்டை: அக்கா, குரங்குக்கு ஏதாவது வழி?

மேலேயும் சேர்த்து நாலு பக்கமும் கம்பி வலை. வேறு வழி யாராவது சொன்னால், அவர் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கும் சொல்லுங்கள்.