கட்டி இருக்கிறது, சரி. இப்போதே தொட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 52. வலது காதில் போனை வைத்தால் குரல் கேட்கிறது, சொல் புரிவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் காது நரம்பில் 9 மி.மீ. கட்டி. புற்றுநோய் இல்லையாம். ஒரு டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் கதிர்வீச்சு கொடுத்துவிடலாம் என்கிறார். கட்டியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் கண்காணிப்பு என்பது சும்மா இருப்பதல்ல. அக்கூஸ்டிக் நியூரோமா என்னும் இந்தக் கட்டி பெரும்பாலும், காது நரம்பின் ஒரு பகுதியான சமநிலை நரம்பின் உறையில் முளைக்கிறது. பல கட்டிகள் வருடக்கணக்கில் வளராமலே கிடக்கும்.

ஒரு காலத்தில் கண்டுபிடித்தாலே அறுவைதான். 1960களில் அமெரிக்கக் காது அறுவை நிபுணர் வில்லியம் ஹவுஸ் இந்த அறுவைக்கு மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்த பிறகு உயிராபத்து வெகுவாகக் குறைந்தது. அப்புறம் கவலை முக நரம்பின் பக்கம் திரும்பியது. பெரிய கட்டியில் அந்த நரம்பு நாடாபோல நசுங்கி, கட்டியோடு ஒட்டிக் கிடக்கும். அதில் அடிபட்டால் கண் முழுதாக மூடாது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஓரமாக வழியும். அதனால்தான் இன்று பெரிய கட்டியை எடுக்கும்போதுகூட, நரம்பில் ஒட்டிய மெல்லிய பகுதியை வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம். அது வளர்ந்தால் கதிர்வீச்சு இருக்கிறது.

கத்தியில்லாமல் கட்டியின் மேல் கதிர்களைக் குவிக்கும் காமா நைஃப் போன்ற கதிர்வீச்சு, வளர்ச்சியை நிறுத்தத்தான். போன செவித்திறன் அதனால் திரும்பாது. 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியுள்ள 100 பேரிடம் நார்வேயில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. பாதிப் பேருக்கு உடனே கதிர்வீச்சு, மீதிப் பேருக்குக் கண்காணிப்பு. நான்கு ஆண்டுகளில், சராசரியாக, முதல் பிரிவினரின் கட்டிகள் சுருங்கின, மற்றவர்களுடையவை ஓரளவு வளர்ந்தன. ஆனால் கேட்கும் திறனில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆக, இரண்டு டாக்டர்கள் சொன்னதும் தவறில்லை.

உங்கள் இடத்தில் நான் பொறுத்துப் பார்ப்பேன். ஆறு மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு வருடம் ஒன்று. கூடவே செவித்திறன் சோதனையும் வேண்டும். கட்டி வளராவிட்டாலும் காது மந்தமாகலாம். வளர்வது தெரிந்தால் கதிர்வீச்சைப் பேசலாம். திடீரெனக் காது அடைத்துப்போனாலோ, முகம் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்காதீர்கள்.

முதல் ஸ்கேனின் சி.டி.யைப் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள். போன வருடப் படத்தோடு மட்டும் ஒப்பிட்டால், வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்வது கண்ணில் படாமலே போய்விடும்.