மைதானத்தைச் சுற்றி ஓட்டல் வந்தால் காசு யாருக்கு?

கேள்வி: இங்கிலாந்தில் லீக் டூவில் (மேலிருந்து நான்காவது டிவிஷன்) ஆடும் எங்கள் ஊர் கால்பந்து கிளப் நெருக்கடியில் இருந்தபோது, ரசிகர்கள் நாங்கள் சிறு சிறு பங்குகள் வாங்கினோம். பெரும்பான்மைப் பங்கு இயக்குநராகவும் இருக்கும் முதலாளியிடம். இப்போது மைதான நிலத்தைத் தன் இன்னொரு கம்பெனிக்கு மாற்றி, சுற்றிலும் ஓட்டல், சூப்பர் மார்க்கெட், அடுக்குமாடி கட்டப்போகிறாராம். "வருமானம் முழுக்க கிளப்புக்குத்தான்" என்கிறார். நம்பலாமா? தடுக்க வழி உண்டா?

பதில்: வருமானம் கிளப்புக்கு, நிலம் மட்டும் வேறு கம்பெனிக்கு என்கிறார். இடிக்கிறதே! ஓட்டல் வாடகை நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். கிளப்புக்கு அதில் பங்கு வேண்டுமானால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். ரசிகர் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னதை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் கைகொடுக்காது.

ஆக்ஸ்ஃபர்டைப் பாருங்கள். ஃபிரோஸ் கஸாம் 1999-ல் ஆக்ஸ்ஃபர்டு யுனைடெட் கிளப்பை வாங்கினார். பாதியில் நின்றிருந்த ஸ்டேடியம் வேலையை முடித்து 2001-ல் திறந்தார். அதுவரை அவருக்கு நன்றி சொல்லலாம். 2006-ல் கிளப்பை விற்றார், ஸ்டேடியத்தை விற்கவில்லை. பக்கத்திலேயே சினிமா, பவுலிங், ஓட்டல் என்று ஜேஜே என்றிருக்கிறது. ஆனால் ஸ்டேடியத்துக்கு மூன்று பக்கம்தான் கேலரி. நான்காவது பக்கம் வேலியும் கார் பார்க்கிங்கும். அந்தப் பக்கம் ஓங்கி உதைத்தால் பந்து கார்களுக்கு நடுவே போய் விழும். தன்னுடையதல்லாத இடத்தில் வாடகைக்காரர் கேலரி கட்டுவாரா? கிளப் இப்போது கிட்லிங்டன் பக்கம் சொந்த ஸ்டேடியம் கட்டப் பார்க்கிறது.

கவென்ட்ரி கிளப்பின் கதை இன்னும் மோசம். 2005-ல் புது அரீனாவுக்குப் போனார்கள், பக்கத்தில் பெரிய டெஸ்கோ சூப்பர் மார்க்கெட். அரீனா வேறு கம்பெனியிடம் இருந்ததால், ஆண்டுக்கு பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் வாடகை கொடுத்தும் மேட்ச் நாளில் விற்கும் பீர், தின்பண்டக் காசு கிளப்புக்கு வரவில்லை. தகராறு முற்றி 2013-ல் நார்தாம்ப்டனிலும், 2019-ல் பர்மிங்ஹாமிலும் போய் ஆடினார்கள்.

மறுபக்கம் ஆர்சனல். 2006-ல் ஹைபரியை விட்டுப் போனபோது பழைய மைதானத்தில் வீடு கட்டி விற்றது கிளப்பின் சொந்தக் குழுமமே. 2008-ல் வீட்டுச் சந்தை சரிந்து விற்பனை இழுத்தடித்தாலும், 2010-க்குள் அந்தக் கட்டுமானக் கடன் அடைந்தது. ஆகவே கட்டுவதை எதிர்க்காதீர்கள், நிலம் கைமாறுவதைக் கவனியுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2006-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 190-ம் பிரிவின்படி, இயக்குநருக்கோ அவரோடு தொடர்புள்ள கம்பெனிக்கோ ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள சொத்தை மாற்றப் பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும். ஆனால் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் நிறைவேறும் சாதாரணத் தீர்மானமே போதும் என்பதால், முதலாளி தன் ஓட்டாலேயே நிறைவேற்றிவிடலாம். நிலம் அடிமாட்டு விலைக்குப் போனால் 994-ம் பிரிவின்கீழ், சிறுபான்மைப் பங்குதாரருக்கு அநியாயமாகக் கேடு விளைகிறது என்று வழக்குப் போடலாம். தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் செலவும் பொதுவாக உங்கள் தலையில் விழும். அதனால் இது கடைசி ஆயுதமாக இருக்கட்டும்.

மைதானத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று கவுன்சிலில் பதிவு செய்யச் சிலர் சொல்லியிருப்பார்கள். 2011-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவான இடத்தை விற்க வந்தால், வாங்க விரும்பும் ஊர்க்காரர்களுக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். நல்லதுதான். ஆனால் ஒரே குழுமத்துக் கம்பெனிகளுக்குள் சொத்து மாறினால் இந்த அவகாசம் கிடைக்காது. உங்கள் முதலாளியின் இரண்டு கம்பெனிகளும் அப்படி ஒரே குழுமமா என்று கம்பெனிப் பதிவகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

இதைவிட வலுவானது 2025 ஜூலையில் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம். அதன்படி, மேலிருந்து ஐந்து டிவிஷன் கிளப்புகள் சொந்த மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அந்தச் சட்டம் அமைத்த கால்பந்துக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் வேண்டும். விதிகள் கட்டம் கட்டமாக அமலுக்கு வருவதால், உங்கள் பரிமாற்றத் தேதியில் எது நடப்பில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

நில மாற்றத்தைத் தடுக்க முடியாவிட்டாலும் நிபந்தனை கேட்கலாம். கிளப்புக்கு நூறு வருஷத்துக்குக் குறையாத குத்தகை, பெயரளவு வாடகை. பார், பார்க்கிங், விளம்பரப் பலகை, ஸ்டேடியப் பெயர் உரிமை எல்லாம் கிளப்புக்கு. மிச்ச நிலத்தைப் பின்னால் லாபத்துக்கு விற்றால் அதிலும் பங்கு. கட்டுமானக் கடனுக்கு மைதானத்தை அடமானம் வைக்கக்கூடாது. கேலரி வேலை முடியாமல் அடுக்குமாடியில் ஆள் குடியேறக்கூடாது என்பதை, கவுன்சில் ப்ளானிங் அனுமதியோடு போடும், ப்ளானிங் சட்டத்தின் 106-ம் பிரிவு ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கவுன்சில் கையில் பிடி இருந்தால் பில்டர் நழுவ மாட்டார்.

நில மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்கும் பங்குதாரர் கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்ததும் இன்னொன்று செய்யுங்கள். 5 சதவீத ஓட்டுரிமை சேர்ந்தால், அல்லது சராசரியாக ஆளுக்கு 100 பவுண்டாவது செலுத்தப்பட்ட பங்குள்ள 100 பேர் சேர்ந்தால், ஆயிரம் வார்த்தைக்குள் உங்கள் வாதத்தை எழுதி எல்லாப் பங்குதாரருக்கும் அனுப்பும்படி கம்பெனியைக் கட்டாயப்படுத்தலாம். அது கம்பெனிகள் சட்டத்தின் 314-ம் பிரிவு. கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு கம்பெனி கைக்குப் போய்ச் சேர வேண்டும். அனுப்பும் செலவு உங்களுடையது. நிலத்தை மாற்றும் விலையை யார் மதிப்பிட்டார், அவர் யாருக்கு வேலை பார்ப்பவர் என்ற கேள்வியை அதில் முதலில் வையுங்கள்.