சேற்றில் மாட்டிய பிறகு டிக்கியைக் கிளறாதீர்கள்: மீட்புச் சாமான் கேள்வி பதில்

ஆஃப்ரோடு வண்டி சேற்றிலோ மணலிலோ சிக்கினால் மீட்க உதவும் கயிறு, ஷேக்கிள் (கயிற்றை வண்டியோடு இணைக்கும், திருகு முள் வைத்த இரும்பு வளையம்), ஜாக், மண்வெட்டி எல்லாம் எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது, திருடு போகாமல் எப்படிக் காப்பது என்று கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன். எந்த வின்ச் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் இயந்திரம்) வாங்கலாம் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அது தனிக் கதை.

அண்ணா, கயிறு, ஷேக்கிள், கப்பி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறேன். பை நல்ல கனம், எவ்வளவு குலுங்கினாலும் நகரவில்லை. அதைத் தனியாக வேறு கட்ட வேண்டுமா?

கட்டத்தான் வேண்டும். குலுங்கும்போது நகரவில்லை, சரி, மோதினால்? 50 கி.மீ. வேகத்தில் போய் மோதினால் வண்டி நின்றுவிடும், பை நிற்காது, அதே 50-ல் உங்கள் முதுகை நோக்கி வரும். அது கிட்டத்தட்ட பத்து மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். வேகம் 100 ஆனால் அந்த உயரம் நாற்பது மீட்டர். 19 மி.மீ. ஷேக்கிள் ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், உங்கள் பையில் எத்தனை இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பையைத் தரையில், பின்சீட்டின் முதுகை ஒட்டி வையுங்கள். அப்புறம் ராட்செட் பட்டையை (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை) டிக்கியின் இரும்பு வளையங்களில் மாட்டி, பைக்கு மேலே குறுக்காகப் போட்டு இறுக்குங்கள். வண்டி உருண்டால் பை மேல்நோக்கியும் பறக்கும், அதனால்தான் குறுக்கே என்கிறேன். எலாஸ்டிக் கயிறு கூடாது, அது நீளுவதற்கென்றே செய்தது. டிக்கியின் பக்கவாட்டில் இருக்கிற பிளாஸ்டிக் கொக்கி காய்கறிப் பை மாட்டத்தான், அதை நம்பாதீர்கள். கட்டிய பிறகு இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் கட்டவில்லை என்றுதான் அர்த்தம்.

டிராயர் அடித்து எல்லாவற்றையும் உள்ளே அடக்கிவிட்டேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பின்சக்கரம் அச்சுவரை சேற்றில் புதைந்து, பின்கதவின் கீழ்விளிம்பு மண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது அந்த டிராயரை எப்படி இழுப்பீர்கள்? கதவு திறந்தாலும் டிராயர் வெளியே வர அதன் நீளத்துக்கு இடம் வேண்டும், பின்னால் மேடு இருந்தால் அதுவும் இல்லை. டிராயரைக் குறை சொல்லவில்லை, பொருள் நகராமல் இருக்க அதைவிட நல்ல ஏற்பாடு குறைவு. ஆனால் மண்வெட்டி, கையுறை, ஒரு இழுவைப் பட்டை, இரண்டு ஷேக்கிள், இவை மட்டும் பக்கக் கதவு வழியாகக் கைக்கு எட்ட வேண்டும். முதலில் தேவைப்படுவது மண்வெட்டிதான், ஆனால் பெரும்பாலான வண்டிகளில் அதுதான் கூடாரத்துக்கும் அடுப்புக்கும் அடியில் கிடக்கிறது.

டிராக்ஷன் போர்டு (பிடிப்புக்காகச் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பலகை), ஹை-லிப்ட் ஜாக் (உயரமான நெம்புகோல் ஜாக்), மண்வெட்டி மூன்றையும் ரூஃப் ரேக்கில் ஏற்றலாமா சார்?

போர்டும் மண்வெட்டியும் ஏற்றலாம். ஜாக் வேண்டாம், 48 அங்குல ஜாக் சுமார் 13 கிலோ, அந்தக் கனம் உச்சியில் இருந்தால் சாய்வுப் பாதையில் வண்டி கவிழ்வது எளிதாகிவிடும். கூரைக்குச் சொன்ன எடையில் ரேக்கின் எடையும் சேர்த்தி. நிற்கும்போது தாங்குவது வேறு, ஓடும்போது தாங்குவது வேறு, கரடுமுரடான பாதையில் அதைவிடக் குறைவு.

ஜாக்கை பின்பம்பரில் மாட்டியிருக்கிறேன். தூசி ஏறி ஏறி, அதன் ஏற்றி இறக்கும் பகுதியிலுள்ள முள் (pin) நகரவே மாட்டேன் என்கிறது.

கிரீஸ் போட்டிருப்பீர்கள். கிரீஸ் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவிக் காயவிட்டு, காய்ந்த பிறகு ஒட்டாத சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள், அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு உறை போடுங்கள். கடகட சத்தத்துக்கு ரப்பர் வையுங்கள்.

இழுத்து முடித்த கயிறு முழுக்கச் சேறு. அப்படியே சுருட்டி வைக்கலாமா?

வீடு வரும்வரை வைக்கலாம், அதற்கு மேல் கூடாது. நைலான் ஈரமானாலே வலு கொஞ்சம் குறையும், அது காய்ந்தால் திரும்பி வரும். மணல் அப்படி இல்லை, இழைகளுக்கு நடுவே புகுந்து ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளிருந்தே அறுக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு அலசுங்கள். பிரஷர் வாஷர் அடித்தால் மணல் இன்னும் உள்ளே போகும். நிழலில் முழுசாகக் காயவிட்டு, காற்றோட்டமுள்ள பையில் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். வெயில் நைலானைத் தின்றுவிடும், பேட்டரி அமிலமும் அப்படித்தான், எனவே பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் கயிறு வேண்டாம்.

போர்டு இரண்டும் திருடு போய்விட்டது. பூட்டுப் போடுவது உபயோகமா?

உபயோகம்தான், வெட்ட ஆள் வந்தால் எந்தப் பூட்டும் கொஞ்ச நேரம்தான் நிற்கும், ஆனால் போகிற போக்கில் கழற்றுகிறவன் வேறு வண்டிக்குப் போய்விடுவான். எனக்குத் திருட்டைவிட பெரிய பயம், பூட்டின் துவாரத்தில் சேறு இறுகி, சிக்கிய நேரத்தில் சாவி நுழையாமல் போவது. துவாரத்துக்கு மூடி இருக்கும் பூட்டு வாங்குங்கள், கிராஃபைட் தூள் போடுங்கள். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி, அந்தச் சாவி வண்டிச் சாவியோடு. ஊருக்குள் நிறுத்தும் நாட்களில் கழற்றி உள்ளே வைப்பதுதான் என் வழக்கம்.

முன்பம்பரில் ஷேக்கிளை எப்போதும் மாட்டியே வைத்தால்?

பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதிர்ந்து அதிர்ந்து அதன் திருகு முள் கழன்று விழும், இல்லை துருப்பிடித்து இறுகும். இழுக்கும்போது முழுசாக முறுக்கி, கால் சுற்றுத் தளர்த்துவது சரி, அந்த நிலையில் நெடுஞ்சாலையில் ஓட்டுவது சரியில்லை. கழற்றிப் பையில் போடுங்கள்.

வின்ச்சில் செயற்கைக் கயிறு. அதற்கு என்ன பாதுகாப்பு?

உறை போடுங்கள், வெயில்தான் எதிரி. கொக்கியை ஃபேர்லீடில் (கயிறு நுழைந்து வரும் முன்பக்க வழிகாட்டி) நெரியும் அளவுக்கு இழுத்து விடாதீர்கள். ரிமோட் வண்டிக்குள் இருக்கட்டும், மின் இணைப்பைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் இருந்தால் நல்லது, வழியில் போகிறவர் விளையாட முடியாது.

பழைய இழுவைப் பட்டையில் ஓரத்தில் சின்னக் கிழிசல். வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஓரத்துக் கிழிசலிலிருந்துதான் இழுவையில் முழுப் பட்டையும் கிழியும். அப்படியே குப்பையில் போட்டால் யாராவது எடுத்து வண்டியில் மாட்டுவார்கள், அதனால் நடுவில் இரண்டு மூன்று துண்டாக வெட்டிப் போடுங்கள். ஷேக்கிளின் வளைந்த திருகு முள்ளும் அப்படித்தான், தட்டி நிமிர்த்த வேண்டாம்.