முதலில் உங்கள் வீட்டார் பார்க்கட்டும்

மனந்திரும்புதல் பற்றியும் சாட்சியுள்ள வாழ்க்கை பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஜெபக்கூட்டத்தில் சாட்சி நேரம் வந்தால் எல்லோரும் "இன்ன தேதியில் இரட்சிக்கப்பட்டேன்" என்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு நாள் இல்லை. நான் மனந்திரும்பியவள்தானா?

பதில்: மகளே, விசுவாசிகளைத் துன்புறுத்தப் போன பவுலுக்குத் தமஸ்கு வழியில் ஒளி கிடைத்தது. அவருடைய இளம் சீடன் தீமோத்தேயுவுக்குப் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் கிடைத்தார்கள். அவனிடம் இருந்த மாயமற்ற விசுவாசத்தை நினைத்துப் பவுல் மகிழ்கிறார்; எந்த நாளில் வந்தது என்று விசாரிக்கவே இல்லை. தேதி உள்ளவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன் 1748 மார்ச்சில் நடுக்கடல் புயலில் ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார். அந்த நாளை ஆயுள் முழுவதும் நினைவுகூர்ந்தார். ஆனால் அதன் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில்தான் வேலை பார்த்தார். அந்தத் தொழிலின் கொடுமையை அவர் வெளிப்படையாக எழுதியது 1788-இல். இருதயம் திரும்பியது ஒரு நாளில். கை திரும்ப எத்தனை வருடம்! இன்று உங்கள் முகம் ஆண்டவரை நோக்கி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஞானஸ்நானம் எடுத்தேன். அதற்கு முன் எடையில் குறைத்ததும் கடன் நோட்டில் கூட்டி எழுதியதும் உண்டு. அதெல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். ஆனால் மனம் உறுத்துகிறது.

பதில்: உறுத்தட்டும் அண்ணாச்சி, அதை அடக்கிவிடாதீர்கள். வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்தபோது என்ன செய்தான்? ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான். திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு என்பது மோசேயின் பிரமாணத்தில் திருடனுக்கு விதித்த அளவு. தானே அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் போதும். சகேயுவை யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் திருடனுக்குரிய அளவைத் தானே தேர்ந்துகொண்டான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னது அந்த வார்த்தைக்குப் பிறகுதான். பணத்தால் அவன் மன்னிப்பை வாங்கவில்லை. மன்னிப்பு கிடைத்தவனின் பணப்பெட்டி தானாகத் திறந்துகொண்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: பழைய கடன் நோட்டை எடுங்கள். பெயர் தெரிந்தவர்களிடம் போய், "உங்கள் கணக்கில் கூடுதலாக எழுதியிருந்தேன், இதோ" என்று பணத்தைக் கொடுங்கள். சிலர் திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். யாரென்று தெரியாதவர்களின் பங்கை ஏழைகளுக்குக் கொடுங்கள், அதைக் காணிக்கைக் கவரில் போட்டுச் சபையில் பெயர் வாங்க வேண்டாம். தராசுக்கு முத்திரை வைக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். மூட்டை தூக்கும் பையனின் கூலியையும் பாருங்கள். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது நம்மைப் போன்றவர்களுக்குத்தான்.

கேள்வி: குடும்பத்தில் நான் மட்டும் விசுவாசி. கணவரும் மாமியாரும் கோபமாக இருக்கிறார்கள். அவர்களிடம் எப்படிச் சுவிசேஷம் சொல்வது?

பதில்: தங்கையே, இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். விசுவாசியாத கணவனைப் "போதனையின்றி" நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தலாம் என்று பேதுரு எழுதுகிறார். மாமியாரின் மாத்திரை நேரத்துக்குக் கிடைக்கட்டும், அவருடைய பூஜையறையைப் பற்றி ஒரு கேலிச்சொல்லும் உங்கள் வாயில் வரக் கூடாது. படையலில் கலந்துகொள்ள மனசாட்சி இடம் தராவிட்டால் பணிவாக விலகிக்கொள்ளுங்கள், சமையல் வேலையில் விலகாதீர்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருப்பது சாட்சி அல்ல. கை நீட்டினால் பெற்றோரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் இயேசுவைப் பற்றிப் பேசலாமா?

பதில்: கேட்டால் பேசுங்கள், சாந்தத்தோடு. கேட்காதபோது கொடுத்த வேலையைச் சரியான நாளில் முடித்துக் கொடுங்கள். வேலை நேரத்தில் கைப்பிரதி கொடுப்பது முதலாளியின் நேரத்தை எடுப்பது.

கேள்வி: குடியை விட்டுத்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். மறுபடி விழுந்துவிட்டேன். சபைக்குப் போக வெட்கமாக இருக்கிறது.

பதில்: தம்பி, ஆண்டவர் பிடிபட்ட இரவில் கரிநெருப்பருகே அவரை மறுதலித்த பேதுருவுக்கு, உயிர்த்தெழுந்த ஆண்டவர் இன்னொரு கரிநெருப்பை மூட்டி, மீனும் அப்பமும் வைத்திருந்தார். வாருங்கள். நம்பத் தக்க மூப்பர் ஒருவரிடம் முழுவதையும் சொல்லுங்கள். குடிநோய் மருத்துவரையும் பாருங்கள். ஜெபிக்கிறவன் மருந்து சாப்பிடக் கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை. சம்பளத்தை மனைவி கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் நாங்கள். நான் விரும்பும் பெண்ணும் விசுவாசிதான், ஆனால் வேறு சாதி. அப்பா சபையில் மூப்பர், முடியாது என்கிறார்.

பதில்: இந்தக் கேள்வி என்னை வருத்துகிறது. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த தேவசகாயம், திருவிதாங்கூர் அரசில் அதிகாரி. குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் வாயிலாக யோபுவின் கதையைக் கேட்டு, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். எல்லாச் சாதியாரும் சமம் என்றார், அவர்களோடு கலந்து பழகினார். உயர்குடியினரின் பகைக்கு அதுவும் ஒரு காரணம். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான் பிற்காலத்தில் கோவிலுக்குள் சாதி பிரித்து உட்காரச் சுவர் வைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை இடித்தார்கள். இப்போது அந்தச் சுவர் நம் கல்யாணப் பேச்சுக்குள் வந்து நிற்கிறது.

அப்பாவை எதிர்த்துக் கத்தாதீர்கள். போதகரை அழைத்துக்கொண்டு போய், அவர் முன்னிலையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தப் பெண்ணோடு ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறீர்களே அப்பா, நம் வீட்டில் அவள் சாப்பிட என்ன தடை?" பதிலுக்குக் காத்திருங்கள், மாதங்கள் ஆனாலும். அந்தப் பெண்ணிடமும் அவள் வீட்டாரிடமும் நிலைமையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.