மதுரையில் இருந்துகொண்டு இணையத்தில் சேலை விற்க, முதலில் வெப்சைட் கட்ட வேண்டுமா?

கையில் 50,000 ரூபாய் இருக்கிறது, அதில் பாதியை வெப்சைட்டுக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. அந்தப் பணம் சரக்குக்கும் கூரியருக்கும் வேண்டும். ஏழு ஆண்டுகளாகச் சுங்குடிச் சேலை விற்கிறேன். வெப்சைட் இல்லை என்பதற்காகப் போன ஆர்டர் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. படத்தில் ஒரு நிறமும் கையில் வேறு நிறமுமாகத் தெரிந்ததால் திரும்பி வந்தவை ஏராளம்.

நான் பன்னிரண்டு சேலைகளோடு தொடங்கினேன். சொந்தக்காரர்கள், அக்காவின் தோழிகள், என் கணவரோடு வேலை செய்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் இருந்த நாற்பது பேர்தான் என் கடைத்தெரு. பன்னிரண்டும் விற்க ஐந்து வாரம் ஆயிற்று. அத்தனை பேரும் கேட்டது மூன்றே கேள்விகள்: ரவிக்கைத் துணி உண்டா, நீளம் எவ்வளவு, சாயம் போகுமா? அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிடுகிறேன். "முதல் இரண்டு மூன்று சலவைக்குத் தனியாக அலசுங்கள், சாயம் கொஞ்சம் இறங்கும்" என்று வெளிப்படையாக எழுதினால் வாங்க மாட்டார்களோ என்று பயந்தேன். எழுதிய பிறகுதான் அதே ஆட்கள் இரண்டாவது சேலை கேட்டார்கள்.

படம் எடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது, நேரத்தைச் சொல்கிறேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்கு நிறம் பழுப்பாகத் தெரியும், மாம்பழ மஞ்சள் வெளிறிப்போகும். காலை எட்டு மணிக்கு மொட்டைமாடியில் நிழல் விழுகிற பக்கம் சேலையை விரித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சேலையின் நிறமும் பெரும்பாலும் சரியாக இருக்கும். முந்தி, கரை, உடல் மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

இன்னொன்றை மன்றாடிக் கேட்கிறேன். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊரின் தனிப் பொருள் என்ற சட்ட அடையாளம், கிடைத்தது. துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் தோய்த்து அவிழ்ப்பது அந்த வேலை. வீட்டில் உட்கார்ந்து நாள்கணக்கில் முடிச்சுப் போடுகிற பெண்களின் உழைப்பு அது. அவிழ்த்த இடத்தில் துணி சற்றுக் குவிந்து நிற்கும், புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது. அச்சுப் போட்ட சேலையில் புள்ளிகள் ஒரே அளவாக வரிசையாக நிற்கும். அச்சுச் சேலை விற்பதில் தவறே இல்லை, நானும் விற்கிறேன். ஆனால் அதைக் கைமுடிச்சு என்று சொல்லி விற்காதீர்கள். விலை குறைந்த அச்சுச் சேலைக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால், முடிச்சுப் போடுகிறவருக்கு நியாயமான கூலி எங்கிருந்து வரும்?

இனிக் கணக்கு. இதைத்தான் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை. 650 ரூபாய்க்கு வாங்கிய சேலையை, அனுப்பும் செலவு நம்முடையது என்று சொல்லி 950க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். கூரியர் 70, கவர் 12. மிச்சம் 218. பத்துச் சேலை போனால் 2,180 என்று மனம் கணக்குப் போடும். பொருள் கைக்கு வந்த பின் பணம் என்ற முறையில் அனுப்பினால் சில பார்சல்கள் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வரும்: ஆள் ஊரில் இல்லை, மனம் மாறிவிட்டது, வீட்டில் திட்டினார்கள். பத்தில் மூன்று திரும்பினால் ஒவ்வொன்றுக்கும் போக 70, வர 70, கவர் 12, ஆக மொத்தம் 456 ரூபாய் போயிற்று. ஏழு சேலையில் வந்த 1,526இல் அதைக் கழித்தால் 1,070. பாதிக்குப் பாதி. கசங்கி வந்த சேலையை இஸ்திரி போட்டு மடிக்கிற வேலை வேறு. ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் சேர்ந்த முதல் தீபாவளிக்கு இந்தக் கணக்கைப் போடாமல் அறுபது பார்சல் அனுப்பினேன். பொங்கல் வரை திரும்பி வந்தவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு முன்பணம் வாங்காமல் அனுப்புவதில்லை. ஆர்டர் குறைந்தது, தூக்கம் வந்தது.

ஜிஎஸ்டி பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை. விற்பனைத் தளம் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறு வியாபாரிக்கும் 2023 அக்டோபர் முதல் சலுகை இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவுக்குப் பதிலாக, பான் எண்ணை வைத்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பதற்குப் பொதுவாகப் பதிவு வேண்டும். பெங்களூரு ஆர்டரை ஏற்கும் முன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு தளத்தில் கட்டணமே கிடையாது. இரண்டாயிரம் கொடுத்தால் எடுத்துத் தருகிறோம் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை (PIN) போடுங்கள் என்று ஒருவர் கேட்டால் அவர் திருடர். பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

நாளை பத்து மணிக்கு மேல் துணிக்கடைகள் இருக்கிற விளக்குத்தூண் பக்கம் போங்கள். முதல் நாள் எதையும் வாங்க வேண்டாம், நான்கு கடைகளில் விலை மட்டும் கேளுங்கள். மறுநாள் பத்துச் சேலைக்கு மேல் எடுக்காதீர்கள். அந்தப் பத்தும் விற்று, வாங்கியவர்களில் இருவராவது மறுபடி கேட்ட பிறகு வெப்சைட் பற்றி எழுதுங்கள். அப்போது அதற்கு என்ன செலவாகும் என்று உட்கார்ந்து பேசலாம்.