லினக்ஸ் கெர்னலின் கிட் மரங்கள்: கேள்வி பதில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையம் கெர்னல். அதன் நிரல், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியில் இருக்கிறது. அந்தக் களஞ்சியங்கள் ('மரங்கள்' என்றும் சொல்வோம்) எப்படி அமைந்திருக்கின்றன என்று பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சில ஆண்டுகள் சிறிய டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஒன்றைப் பராமரித்தவன் என்பதே என் தகுதி.

கேள்வி: ஐயா, கெர்னலுக்குக் களஞ்சியம் ஒன்றுதானே? பிறகு ஏன் ஆளுக்கொரு மரம் என்கிறார்கள்?

பதில்: லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் களஞ்சியம்தான் எல்லோரும் ஒப்புக்கொண்ட மூலம். அதில் சேர்ப்பவர் அவர்தான் (2018இல் அவர் சில வாரம் ஒதுங்கியிருந்தபோது கிரெக் குரோவா-ஹார்ட்மன் பார்த்துக்கொண்டார்). மற்ற பராமரிப்பாளர்கள் தங்கள் களஞ்சியத்தில் வேலையைச் சேர்த்துவைத்து, "இந்த டேகிலிருந்து (பெயரிட்டுக் குறித்த நிலையிலிருந்து) எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவருக்கு மடல் போடுவார்கள். அப்படிப்பட்ட மரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உங்கள் கோப்புக்கு எந்த மரம் என்பதை மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பில் 'டி' என்று தொடங்கும் வரி சொல்லும். கோப்புறைகளைப் பார்த்துப் பிரித்த மரங்கள் அல்ல இவை. யார் யாருடைய கமிட்டை (பதிந்த மாற்றத்தை) நம்பி வாங்குகிறார் என்பதை வைத்துப் பிரிந்தவை.

கேள்வி: நெட்வொர்க் பகுதிக்கு மட்டும் நெட், நெட்-நெக்ஸ்ட் என்று இரண்டு மரம் ஏன்?

பதில்: பழுது பார்ப்பது முதலாவதில், புதிய வசதி இரண்டாவதில். ஒரு பதிப்பு வெளியானதும் இரண்டு வாரம் லினஸ் புதியவற்றை வாங்குவார். பிறகு ஆர்சி1 (வெளியீட்டுக்கு முந்தைய முதல் சோதனைப் பதிப்பு). அதன்பின் வாரம் ஒரு ஆர்சி, திருத்தங்கள் மட்டும். பெரும்பாலும் ஆர்சி7 அல்லது ஆர்சி8 வரை போகும். லினஸ் புதியவற்றை வாங்கும் அந்த இரண்டு வாரமும் நெட்-நெக்ஸ்ட் பூட்டிக் கிடக்கும். அப்போது புதிய வசதிக்குப் பேட்ச் (மாற்றத்தைச் சொல்லும் கோப்பு) அனுப்பினால், கதவு திறந்தபின் வாருங்கள் என்றுதான் பதில் வரும்.

கேள்வி: அண்ணா, எல்லோரும் எடுக்கும்படி வெளியே வைத்திருந்த கிளையை (தனி கமிட் வரிசையை) ரீபேஸ் செய்து, அதாவது கமிட்டுகளை வேறு அடித்தளத்தின்மேல் மீண்டும் எழுதி, ஒழுங்குபடுத்திவிட்டுப் பராமரிப்பாளருக்கு அனுப்பினேன். வரலாறு பளிச்சென்று இருந்தது. ஆனாலும் திட்டு வாங்கினேன். என்ன தப்பு?

பதில்: நானும் வாங்கியிருக்கிறேன். ஒரு கமிட் செய்தியில் இருந்த எழுத்துப்பிழை கண்ணை உறுத்தியது என்பதற்காக, இரண்டு வாரமாக வெளியே இருந்த கிளையை ரீபேஸ் செய்தேன். அதற்குள் இன்னொருவர் அதன்மேல் பதினான்கு கமிட் கட்டியிருந்தார். ரீபேஸ் செய்தால் உள்ளடக்கம் மாறாவிட்டாலும் கமிட்டின் அடையாளமான ஹாஷ் எண் மாறிவிடும். பழைய ஹாஷ் அவரிடம், புதிய ஹாஷ் என்னிடம். இரண்டையும் எங்களுக்கு மேலே இருந்த பராமரிப்பாளர் இணைத்தபோது ஒரே பேட்ச் இரண்டு முறை வரலாற்றில் ஏறியது. என் பழைய கமிட்டின் பிழையைத் திருத்துவதாக அந்த இன்னொருவர் எழுதியிருந்த 'ஃபிக்ஸஸ்' வரியில் இருந்த பன்னிரண்டு எழுத்து ஹாஷ், என் மரத்தில் இல்லாத ஒன்றைக் காட்டிக்கொண்டு நின்றது. ஓர் எழுத்துப்பிழைக்கு இரண்டு நாள் வேலை!

இன்னொன்றும் உண்டு. ரீபேஸ் செய்தபின் அடித்தளம் மாறிவிடுகிறது. நேற்று வரை சோதித்தது வேறு, இன்று அனுப்புவது வேறு. எல்லாக் கமிட்டின் நேரமும் மடலுக்கு ஒரு மணி நேரம் முன்பு என்று இருந்தால், இதை எப்போது சோதித்தாய் என்று லினஸ் கேட்பார். கேட்டும் இருக்கிறார்.

அதற்காக ரீபேஸே கூடாது என்பதல்ல. உங்கள் கணினிக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யுங்கள். வெளியே வைக்கும்போது இரண்டு கிளை வையுங்கள்: எப்போதும் மாறலாம் என்று பெயரிலேயே தெரிகிற சோதனைக் கிளை ஒன்று, கைவைக்கவே மாட்டேன் என்கிற 'ஃபார்-நெக்ஸ்ட்' ஒன்று.

கேள்வி: லினக்ஸ்-நெக்ஸ்ட் மேல் வேலை தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். அது 2008இல் ஸ்டீபன் ராத்வெல் தொடங்கிய ஒத்திகை மரம். எல்லா மரங்களையும் இணைத்து, எங்கே முட்டுகிறது என்று பார்ப்பார்கள். வேலை நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது, நேற்றையது இன்று இருக்காது.

கேள்வி: அப்படியானால் எங்கே தொடங்குவது?

பதில்: உங்கள் பராமரிப்பாளரின் கிளை. நீங்களே மரம் வைத்திருந்தால் ஓர் ஆர்சி டேக். ஏதோ ஒரு மதியத்தில் லினஸின் மரம் இருந்த நிலையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஆர்சி1 கூட சில நேரம் காலை வாரும். 2021 மார்ச்சில் 5.12-ஆர்சி1இல் ஸ்வாப் கோப்பு (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் கோப்பு) தொடர்பான பிழை ஒன்று இருந்தது. ஸ்வாப் கோப்பு வைத்திருந்தவர்களின் கோப்பு முறைமையையே அது சிதைக்கக்கூடியது. லினஸ் அந்த டேகின் பெயரோடு 'டோன்ட்யூஸ்' (பயன்படுத்தாதே) என்று ஒட்டினார். அதை அடித்தளமாக வைத்துக் கிளை தொடங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அப்படித் தொடங்கிய கிளையில் பின்னாளில் யாராவது பைசெக்ட் செய்தால் (பிழை எந்தக் கமிட்டில் வந்தது என்று வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால்), பழுதான கெர்னலில் போய் நிற்பார்கள் அல்லவா?

கேள்வி: ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் போட்டால் பழைய வரிகள் எல்லாம் ஒரே கமிட்டைக் காட்டுகின்றன. எல்லாம் ஒரே நாளில் எழுதியதா?

பதில்: இல்லை. 2002 முதல் கெர்னல் பிட்கீப்பர் என்ற வேறொரு கருவியில் இருந்தது. 2005இல் அதன் இலவச உரிமம் போனதும் லினஸ் கிட்டை எழுதினார். அந்த ஏப்ரலில் 2.6.12-ஆர்சி2ஐ, பழைய வரலாறு இல்லாமல், ஒரே கமிட்டாக ஏற்றினார். நீங்கள் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். பிட்கீப்பர் கால வரலாற்றை தாமஸ் கிளைக்ஸ்னர் தனிக் களஞ்சியமாக மாற்றி வைத்திருக்கிறார். இரண்டையும் 'கிராஃப்ட்' மூலம் உங்கள் கணினியில் ஒட்டிப் பார்க்கலாம்.

கேள்வி: ஐந்து மரம் தேவை. ஐந்து முறை குளோன் செய்ய (முழுதாக நகலெடுக்க) என் வட்டில் இடமில்லை.

பதில்: ஒரே குளோன், ஐந்து ரிமோட் (தொலைக் களஞ்சியத்தின் முகவரி). பொதுவான கமிட்டுகள் ஒரு முறைதான் இறங்கும். ஒரே நேரத்தில் இரண்டு கிளை திறந்திருக்க வேண்டும் என்றால் கிட் வொர்க்ட்ரீ (அதே களஞ்சியத்துக்கு இன்னொரு வேலைக் கோப்புறை).

கேள்வி: என்னிடம் சின்னச் சின்னக் கிளைகள் நிறைய. ஒரே இணைப்பில் எல்லாவற்றையும் சேர்க்கலாமா?

பதில்: கிட் தடுக்காது. 2014இல் ஒலிப் பகுதியிலிருந்து 66 பெற்றோர் (இணைக்கப்பட்ட கமிட்டுகள்) கொண்ட ஓர் இணைப்புக் கமிட் லினஸிடம் போனது. எடுத்துக்கொண்டார், ஆனால் இது ஆக்டோபஸ் (பல கிளைகளை ஒரே கமிட்டில் இணைப்பதற்கு கிட்டில் உள்ள பெயர்) இல்லை, கதையில் வரும் கத்துலு பூதம் என்று எழுதினார். வரைபடக் கருவிகளில் அதைத் திறந்தால் கோடுகள் திரையை விட்டே ஓடும். நான் இரண்டிரண்டாகவே இணைக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஏன் இணைத்தேன் என்று ஒரு வரி எழுதி.