பாகிஸ்தான் பஞ்சாபில் பல ஊர்களுக்குப் பெயருக்குப் பதில் எண் இருப்பது ஏன்?

ஏனென்றால் அங்கே வாய்க்கால் முதலில் வந்தது, ஊர் பிறகுதான். செனாப், ராவி ஆறுகளுக்கு நடுவே இருந்தது 'பார்' எனும் மேய்ச்சல் காடு. 1892-இல் கீழ்ச் செனாப் கால்வாயைத் திறந்த ஆங்கிலேய அரசு, அந்த நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து, ஜலந்தர், அமிர்தசரஸ் பக்கத்து விவசாயிகளைக் குடியேற்றியது. புது ஊர் ஒவ்வொன்றும் ஒரு 'சக்'. அடையாளம் ஓர் எண்ணும் கால்வாய்க் கிளையும். 1907-இல் பகத் சிங் பிறந்த பங்கா கிராமம், சக் எண் 105 ஜி.பி. 'ஜி.பி.' என்றால் கூகேரா கிளை. காலங்காலமாக அங்கே மாடு மேய்த்தவர்கள் நிலம் இழந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகவே படுகிறது.

அன்றாட வாழ்க்கையை நடத்துவது 'வாராபந்தி', அதாவது தண்ணீர் முறை. பெரும்பாலும் ஏழு நாளுக்கு ஒரு சுற்று. உங்கள் முறை நள்ளிரவில் வந்தால், தை மாதப் பனியிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு மண்வெட்டியோடு போய் மடையைத் திருப்பியாக வேண்டும். தூங்கிவிட்டால் கோதுமை அடுத்த சுற்றுவரை காய வேண்டியதுதான்.

1947 பிரிவினையில் அங்கிருந்த சீக்கியர்கள் கிழக்கே போனார்கள். கிழக்கிலிருந்து வந்த முஸ்லிம் அகதிகள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். சக் எண்கள் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை.